'நிறுத்துங்க' என்று சொல்லப் பழக்குவது

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2011-இல் மெக்கானிக்கல் பிரிவில் படித்து முடித்து வெளியே போனவன். சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "உன் வேலையைப் பத்தி அரை மணி நேரம் பேசு. ஆனா பசங்களுக்குப் புரியணும்" என்றார். அரை மணி நேரம் சுலபம். புரிய வைப்பதுதான் சிரமம். காரணம், என் வேலை என்ன என்று எங்கள் வீட்டிலேயே பலருக்கு இன்னும் விளங்கவில்லை. "தம்பி கப்பல்ல வேலையா?" என்று கேட்பார்கள். "இல்லை, கப்பல் மாதிரி இருக்கிற ஓர் அறையில வேலை" என்பேன். "ஓ, வீடியோ கேம் மாதிரியா?" என்று அடுத்த கேள்வி வரும். அந்த இரண்டாவது கேள்விக்கான பதிலைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

எண்ணெய்க் கப்பல்களில், அதாவது டேங்கர்களில், சரக்கை ஏற்றி இறக்கும் அதிகாரிகளுக்கு சிமுலேட்டர் பயிற்சி தரும் மையம் ஒன்றில் நான் வேலை செய்கிறேன். சிமுலேட்டரைச் செய்வது வேறு ஆட்கள். அதில் எந்தப் பயிற்சியை, எந்த நிலையில் தொடங்கி, எந்தச் சிக்கலை எப்போது கொடுத்து, எப்படி மதிப்பிடுவது என்று அமைப்பது என் வேலை. கேள்வித்தாள் தயாரிப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், இந்தக் கேள்வித்தாள் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும்.

அறைக்குள் எதற்குக் கப்பல்?

1969 டிசம்பர் மாதம் மார்ப்பெஸ்ஸா, மாக்ட்ரா, கோங் ஹாகோன்-7 என்ற மூன்று டேங்கர்கள் ஒரே மாதத்தில் வெடித்தன. மூன்றும் இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்டவை. மூன்றும் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தவை. மூன்றிலும் அப்போது நடந்துகொண்டிருந்தது காலி டாங்குகளைக் கழுவும் வேலை. எண்ணெய் இல்லாத டாங்க்தான் ஆபத்தானது என்பதை உலகம் அப்படித்தான் கற்றுக்கொண்டது. டாங்குக்குள் ஆக்சிஜன் குறைந்த வாயுவை நிரப்பி வைக்கும் முறை கட்டாயமானதற்கு அந்த மாதம் ஒரு முக்கியக் காரணம்.

பத்து வருஷம் கழித்து, 1979 ஜனவரி 8-ஆம் தேதி அதிகாலை, அயர்லாந்தின் பான்ட்ரி வளைகுடாவில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த பீட்டல்ஜூஸ் என்ற டேங்கர் ஜெட்டியிலேயே உடைந்து வெடித்தது. 50 பேர் இறந்தார்கள். விசாரணையில் இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. ஒன்று, பராமரிப்பில்லாமல் பலமிழந்த கப்பலின் உடல். இன்னொன்று, பாலாஸ்ட் தண்ணீரைச் சரியாக நிரப்பாததால் அந்த உடலில் ஏற்பட்ட அழுத்தம். கவனியுங்கள், கப்பல் நடுக்கடலில் இல்லை. புயல் இல்லை. கரையில் கட்டிப்போட்ட நிலையில், வால்வுகளைத் திறந்து மூடுகிற வேலையில் நடந்தது அது.

இப்படிப்பட்ட வேலையை நிஜக் கப்பலில் 'செஞ்சு பார்த்து' கத்துக்க முடியாது. அதனால்தான் சிமுலேட்டர். கடலோடிகளின் பயிற்சிக்கான எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேச உடன்படிக்கை 1978-இல் வந்தது. 1995-இல் அதைத் திருத்தியபோது சிமுலேட்டருக்கென்று தனி விதியே சேர்த்தார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கருவியைப் பற்றியது அல்ல. பயிற்சிக்கு முன்னால் மாணவருக்கு விளக்க வேண்டும், கருவியோடு பழக நேரம் தர வேண்டும், நடக்கும்போது கண்காணிக்க வேண்டும், முடிந்ததும் உட்கார்ந்து பேச வேண்டும், பயிற்சியை முன்கூட்டியே சோதித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கோடி ரூபாய் கொடுத்து வாங்கிய கருவியானாலும் இதெல்லாம் இல்லாவிட்டால் அது வெறும் திரைதான்.

ஒரு பயிற்சி எப்படித் தயாராகிறது?

முதலில் ஒரு நோட்டில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுவோம். 'இந்தப் பயிற்சி முடியும்போது மாணவர் இதைச் செய்யக் கற்றிருக்க வேண்டும்' என்ற வாக்கியம். 'சரக்கு ஏற்றுவதைப் புரிந்துகொள்ள வேண்டும்' என்று எழுதினால் செல்லாது. புரிந்துகொண்டாரா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாதே! 'இரண்டு அளவுகள் ஒத்துப்போகாதபோது ஏற்றுவதை நிறுத்த வேண்டும்' என்று எழுதினால் செல்லும். நிறுத்தினாரா, எத்தனையாவது நிமிடத்தில் நிறுத்தினார் என்று பார்த்துவிடலாம்.

இரண்டாவது, தொடக்க நிலை. ஒரு லட்சம் டன் கச்சா எண்ணெயை மணிக்கு 6,000 கன மீட்டர் வேகத்தில் ஏற்ற ஒரு நாள் பொழுது தேவை. வகுப்பில் அது ஆகாது. எனவே நாங்களே சிமுலேட்டரில் கப்பலை ஏற்றிக்கொண்டே வந்து, வேண்டிய கட்டத்தில் அந்த நிலையை அப்படியே சேமித்து வைத்துவிடுவோம். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அந்த நிலையில் ஒவ்வொரு டாங்கின் அளவும், பாலாஸ்ட் எவ்வளவு வெளியேறியிருக்கிறது என்பதும், கப்பலின் முன்பின் சாய்வும், உடல் மேல் விழும் வளைவு விசையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், அனுபவமுள்ள சீஃப் ஆபீசர் உள்ளே வந்த ஐந்தாவது நிமிடம், "சார், இப்படி ஒரு கப்பலை யாரும் ஏத்த மாட்டாங்க" என்று சொல்லிவிடுவார். அதோடு அவர் மனசில் அது கப்பல் இல்லை, விளையாட்டு ஆகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல சிமுலேட்டர்களில் நேரத்தை வேகமாக ஓட்டும் வசதி உண்டு. பத்து நிமிடத்தை ஒரு நிமிடத்தில் ஓட்டலாம். தொடக்க நிலையைத் தயாரிக்க அது நல்ல உதவி. மாணவர் உட்கார்ந்த பிறகு அதைத் தொடக்கூடாது என்பது எங்கள் கண்டிப்பு. டாங்க் எந்த வேகத்தில் நிரம்பும் என்ற உள்ளுணர்வு கெட்டுப்போகும். இங்கே தப்பாகப் படிந்த பழக்கம் கப்பலுக்கும் போகும். பயிற்சியே இல்லாதவனைவிட, தப்பாகப் பயிற்சி பெற்றவன் ஆபத்தானவன். ஏனென்றால் அவனிடம் தைரியம் இருக்கும்.

மூன்றாவது, பழுதுகள். புதிதாக வருகிற பயிற்றுநர்களுக்கு இதில்தான் ஆசை அதிகம். பம்பை நிறுத்தலாம், வால்வை மாட்ட வைக்கலாம், குழாயைக் கிழிக்கலாம். ஒரு மணி நேரத்தில் ஆறு பழுது கொடுத்தால் பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் அதில் மாணவர் கற்பது தீயணைப்பு மட்டும்தான். நிஜத்தில் பெரும்பாலான விபத்துகள் சத்தமில்லாமல் வருகின்றன. அதனால் ஒரு பயிற்சிக்கு ஒரு பழுது, மிஞ்சிப்போனால் இரண்டு. அதையும் கடிகாரத்தை வைத்துக் கொடுக்க மாட்டோம், நிலையை வைத்துக் கொடுப்போம். '40-ஆவது நிமிடத்தில்' என்று வைத்தால், வேகமான குழுவுக்கு அது தாமதம், மெதுவான குழுவுக்கு அது அவசரம். 'இந்த டாங்க் இந்த அளவை எட்டும்போது' என்று வைத்தால் எல்லோருக்கும் ஒரே சோதனை.

ஒரு சின்னக் கணக்கு

மாணவர்களுக்காக ஒரு கணக்கு போடுகிறேன். பெரிய கணிதம் ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம்.

ஒரு டாங்கின் மேற்பரப்பு 600 சதுர மீட்டர், உயரம் 18 மீட்டர் என்று வையுங்கள். கரையிலிருந்து மணிக்கு 6,000 கன மீட்டர் வருகிறது. அதை நான்காம் எண் இடது டாங்க், நான்காம் எண் வலது டாங்க் இரண்டும் பாதிப்பாதியாக வாங்குகின்றன. ஒவ்வொன்றிலும் மட்டம் மணிக்கு 5 மீட்டர் ஏறும். அதாவது நிமிடத்துக்கு 8 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். டாங்கை 98 சதவீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது. 95-இல் ஓர் அலாரம், 98-இல் ஓர் அலாரம். இரண்டுக்கும் இடையே 54 சென்டிமீட்டர். ஆறரை நிமிடம் கிடைக்கும்.

இப்போது இடது டாங்க் நிரம்பிவிட்டது. அதன் வால்வை மூடுகிறீர்கள். அடுத்த டாங்கைத் திறக்கவில்லை. கரையில் இருக்கிறவருக்கு இது தெரியாது, அவர் பாட்டுக்கு 6,000 அனுப்பிக்கொண்டிருக்கிறார். மொத்தமும் வலது டாங்குக்குப் போகிறது. ஆறரை நிமிடம் மூன்றேகால் நிமிடமாகச் சுருங்குகிறது.

"சரி, டெர்மினலைக் கூப்பிட்டு வேகத்தைக் குறைக்கச் சொல்லலாமே?" சொல்லலாம். ஆனால் வேகத்தைக் குறைக்க 10 நிமிடம் முன்னறிவிப்பு வேண்டும் என்று ஏற்றும் முன்பே இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்கும். மூன்றேகால் நிமிடத்துக்குள் 10 நிமிட அறிவிப்பை எங்கே நுழைப்பது?

"அப்ப கப்பலோட வால்வை மூடிடலாமே?" இது இன்னும் மோசம். நம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் வாட்டர் ஹாமர் படித்தது ஞாபகம் இருக்கிறதா? ஓடி வருகிற எண்ணெயைச் சட்டென்று நிறுத்தினால், வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கே சுமார் 8 பார் அளவுக்கு அழுத்தம் எகிறும். வேகம் கூடக்கூட அதுவும் கூடும். ஜெட்டியில் கப்பலையும் கரையையும் இணைக்கிற குழாய்தான் அந்த அடியை வாங்கும். டாங்க் வழிவதைத் தடுக்கப் போய் குழாயை வெடிக்க வைத்த கதையாகும்.

ஆக, சரியான விடை இடது டாங்கின் வால்வை மூடுவதற்கு முன்பே இருக்கிறது. அடுத்த டாங்கைத் திறந்துவிட்டுத்தான் இதை மூட வேண்டும். வேகத்தைக் குறைக்கும்படி அதற்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இந்தப் பயிற்சியில் தீர்மானம் எடுக்கும் கணமும், அதன் விளைவு தெரியும் கணமும் பல நிமிடம் தள்ளித்தள்ளி இருக்கின்றன. அந்த இடைவெளியைக் கற்பிப்பதற்காகத்தான் இவ்வளவு பாடு.

பழுது எங்கிருந்து வருகிறது?

பழுதுகளை நாங்கள் கற்பனையில் உருவாக்குவதில்லை. இந்தப் பயிற்சிக்கு ஒரு நிஜ முன்மாதிரி உண்டு. அது கப்பல் அல்ல, கரையில் இருக்கும் எண்ணெய்க் கிடங்கு. இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்ட் என்ற இடம். 2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. 912 என்ற எண்ணுள்ள டாங்கில் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. 3 மணி அளவில் மட்டம் காட்டும் கருவி ஒரே எண்ணில் நின்றுவிட்டது. டாங்க் நிரம்பிக்கொண்டே இருந்தது, கண்ட்ரோல் ரூம் திரையில் மட்டும் மாற்றமில்லை. கடைசித் தடுப்பாக இருந்த தனி ஸ்விட்ச்சும் வேலை செய்யவில்லை. 5.37-க்கு டாங்க் வழிய ஆரம்பித்தது. 6.01-க்கு வெடித்தது. 40 பேருக்கு மேல் காயம். ஞாயிறு அதிகாலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை.

இதில் என் தூக்கத்தைக் கெடுத்த செய்தி வேறொன்று. அதே கருவி, அந்த ஆகஸ்ட் கடைசியிலிருந்து அன்றுவரை 14 முறை அதே மாதிரி மாட்டியிருக்கிறது. அப்போதைக்குச் சரிசெய்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார்கள். கருவி அன்றைக்கும் கெட்டது, ஆனால் மனிதர்கள் அதற்குப் பழகிப்போனது எப்போதோ.

இதைத்தான் எங்கள் பயிற்சியில் வைத்தோம். நான்காம் எண் வலது டாங்கில் எண்ணெய்க்கு மேலே மிச்சமிருக்கும் காலியிடம், அதாவது அல்லேஜ், 1.80 மீட்டர் ஆகும்போது கண்ட்ரோல் ரூம் திரையில் அந்த எண் உறைந்துவிடும். 95 சதவீத அலாரமும் அதே கருவியிலிருந்து வருவதாக அமைத்ததால் அது அடிக்காது. 98 சதவீத அலாரம் தனிக் கருவி, அது அடிக்கும். அடிக்கும்போது மிச்சம் 36 சென்டிமீட்டர். முழு வேகமும் அந்த ஒரு டாங்குக்கே போனால் இரண்டே நிமிடம்.

சரியான அளவு எங்கே இருக்கும்? 'டெக்'கில். அதாவது பக்கத்து அறையில், கையில் அளவு நாடாவோடும் வாக்கி டாக்கியோடும் நிற்கிற இளைய மாணவரிடம். அவருக்கு மட்டும் தனித் திரையில் உண்மையான எண் தெரியும். குழுவிலேயே வயதில், பதவியில் சின்னவருக்கு அந்த இடத்தைக் கொடுப்பது எங்கள் வழக்கம். அது தற்செயல் அல்ல.

அந்த அறையில் நடந்தது

ஒரு குழுவைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கண்ட்ரோல் ரூமில் இருந்தவர் கப்பலில் பத்து வருஷத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர், நல்ல திறமைசாலி. டெக்கில் நின்றவர் தென் மாவட்டத்துப் பையன், ஒரே ஒரு கப்பல் பார்த்தவர்.

திரையில் 1.80 நிற்கிறது. பையன் வாக்கி டாக்கியில், "சார், ஃபோர் ஸ்டார்போர்ட் அல்லேஜ் ஒன்று புள்ளி இரண்டு பூஜ்யம்" என்றான். உள்ளிருந்து பதில், "இங்க ஒன்று புள்ளி எட்டு காட்டுது. டேப்பைச் சரியாப் பிடிச்சுப் பாரு." பையன் மறுபடி பார்த்தான். இப்போது 1.10-க்கும் கீழே. ஆனால் வாக்கி டாக்கியை எடுக்கவில்லை. இதே நேரத்தில் நான் டெர்மினல் ஆளின் குரலில் போன் செய்தேன். "என்ன சார், அடுத்த கப்பல் வெளியில காத்துக்கிட்டு இருக்கு. உங்க முடிவு நேரத்தை உறுதியாச் சொல்லுங்க." இதுவும் பயிற்சியின் பகுதிதான். சிமுலேட்டரில் நிறுத்துவதற்குக் காசு செலவாகாது. கப்பலில் ஆகும். டெமரேஜ் ஓடும், மேலே இருந்து கேள்வி வரும். அந்த நெருக்கடி இல்லாமல் 'நிறுத்து' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தால் அது பாதிப் பாடம்.

98 சதவீத அலாரம் அடித்தது. அதன் பிறகு அவர்கள் ஓடிய ஓட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. டாங்க் வழிந்தது.

பயிற்சிக்குப் பிறகான கலந்துரையாடலில் பதிவை ஓடவிட்டேன். யாரையும் குறை சொல்லவில்லை, திரையில் எண்களும் குரல்களும் வந்தன, அவ்வளவுதான். முதல் முறை சொன்னதற்கும் அலாரத்துக்கும் நடுவே ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் வாக்கி டாக்கி மௌனம். பையனிடம் கேட்டேன், "ரெண்டாவது அளவைப் பார்த்தீங்க, ஏன் சொல்லலை?"

அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "சார் பெரியவர். அவருக்குத் தெரியாததா? நான்தான் ஒரு தடவை சொல்லிட்டேனே" என்றான்.

அறையில் யாரும் பேசவில்லை. அந்தப் பெரியவர்தான் முதலில் வாய் திறந்தார். "அவன் இன்னொரு தடவை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்னு சொல்ல ஆசையா இருக்கு. ஆனா நிறுத்தியிருப்பேனான்னு எனக்கே தெரியலை" என்றார்.

என் இத்தனை வருட வேலையில் இவ்வளவு நேர்மையான பதிலை நான் கேட்டதில்லை. மறுநாள் அதே குழுவுக்கு வேறு டாங்க், வேறு கருவி, அதே நோக்கம். தொடங்கும் முன்பு அவரே குழுவிடம் சொன்னார்: "யார் 'நிறுத்துங்க'ன்னு சொன்னாலும் நிறுத்திடுவேன். ஏன்னு அப்புறம் கேக்கிறேன்." அன்றைக்கு ஏற்றும்போது இரண்டு முறை நிறுத்தினார்கள். ஒன்று தேவையான நிறுத்தம். இன்னொன்று தேவையற்றது, பையன் எண்ணைத் தவறாகக் கேட்டுவிட்டான். தேவையற்ற அந்த நிறுத்தத்துக்கு அவர் பையனைத் திட்டவில்லை. "நல்லது, அளவைத் திருப்பிச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். நான் முழு மதிப்பெண் போட்டது அந்த இடத்துக்குத்தான்.

மதிப்பெண்ணும் எல்லையும்

மதிப்பெண் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டாங்க் வழிந்ததா இல்லையா என்பதை மட்டும் வைத்து மதிப்பிட்டால் அதிர்ஷ்டசாலி பாஸாகிவிடுவான். அதனால் வேறு விஷயங்களைப் பார்க்கிறோம். வித்தியாசத்தைக் கவனித்தார்களா? எண்ணை முழுதாகச் சொன்னார்களா? கேட்டவர் அதைத் திருப்பிச் சொன்னாரா? முதலில் நிறுத்திவிட்டுக் காரணம் தேடினார்களா, காரணம் தேடிக்கொண்டே ஏற்றினார்களா?

இன்னொரு சிக்கல் வாட்ஸ்ஆப். "அந்த சென்டர்ல நாலாம் நம்பர் வலதுதான் மாட்டும்" என்று அடுத்த பேட்ச்சுக்கு முன்கூட்டியே செய்தி போய்விடும். எனவே நோக்கத்தை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிக்கொண்டே இருப்போம். சில சமயம் எந்தப் பழுதும் இல்லாத பயிற்சியும் கொடுப்போம். அதுதான் மாணவர்களுக்கு ரொம்பக் கஷ்டம்! ஒவ்வொரு எண்ணையும் சந்தேகத்தோடு பார்த்து, ஒன்றரை மணி நேரம் எதுவும் நடக்காமல் முடிந்ததும், "என்ன சார், ஒண்ணுமே வரலை?" என்று ஏமாந்த முகத்தோடு கேட்பார்கள். கப்பலில் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான். அந்த நாட்களிலும் அளவெடுக்கிறவன்தான் நமக்கு வேண்டும்.

சிமுலேட்டரால் ஆகாதது நிறைய உண்டு. கச்சா எண்ணெயின் நாற்றம் அதில் வராது. மே மாத வெயிலில் காய்ந்த இரும்புத் தளம் வராது. அதிகாலை மூன்று மணித் தூக்கம் வராது. நாங்கள் வாக்கி டாக்கியில் இரைச்சலைக் கலப்போம், ஒரு பயிற்சியை ராத்திரியில் வைப்போம். அதற்கு மேல் கப்பல்தான் கற்றுத்தர வேண்டும். இங்கே கற்றுத்தர முடிந்தது ஒன்றே ஒன்று. ஒரு சொல்லை, சொல்ல வேண்டிய நேரத்தில், சொல்லும் பழக்கம்.

மாணவர்களுக்கு

தம்பி, தங்கைகளே! உங்களில் கப்பல் பக்கம் வருகிறவர்கள் சிலர்தான் இருப்பீர்கள். ஆனால் இரசாயன ஆலை, மின் நிலையம், மருத்துவமனை, ரயில்வே என்று எங்கே போனாலும் ஒரு கண்ட்ரோல் ரூம் இருக்கும். அதற்கு வெளியே அளவு நாடாவோடு நிற்கப்போகிற ஆள் நீங்கள்தான். சேர்ந்த முதல் வருஷத்தில் உங்களுக்குத் தெரிவது ரொம்பக் கம்மி. ஆனால் சில நேரம் அந்த ஓர் எண் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நம் ஊரில் பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசக்கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். அதில் மரியாதை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அளவைத் திரும்பச் சொல்வது மறுபேச்சு இல்லை. ரெண்டாவது தடவையும் சொல்லுங்க. பணிவாகவே சொல்லலாம், ஆனால் எண்ணோடு சொல்லுங்கள். "தப்பு மாதிரி தெரியுது சார்" என்றால் அது அபிப்பிராயம். "ஒன்று புள்ளி ஒன்று பூஜ்யம், இன்னும் ஐந்து நிமிடம்" என்றால் அது தகவல்.

முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற என் வயதுக்காரர்களுக்கும், என்னைவிட மூத்த அண்ணன்மார்களுக்கும், அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவன் ரெண்டாவது தடவை சொல்வானா என்பது அவன் தைரியத்தை மட்டும் பொறுத்தது இல்லை. முதல் தடவை சொன்னபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதையும் பொறுத்தது.

இந்தத் துறைக்கு மெக்கானிக்கல்காரர்கள் மட்டும் போதாது. எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர், கெமிக்கல் படித்தவர்களும் தேவை. அந்த அறையை நேரில் பார்க்க விரும்பும் மாணவர்கள் துறைத்தலைவர் மூலம் சங்கத்துக்கு எழுதுங்கள். சின்னச் சின்னக் குழுவாக அழைத்துப் போக ஏற்பாடு செய்கிறேன். கண்ட்ரோல் ரூமிலும் உட்கார வைக்கிறேன், டெக்கிலும் நிற்க வைக்கிறேன். என்ன பழுது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.